காளையோடு பிறந்த கிடாரி

மார்ச் மாதம் பதினான்காம் நாள் காலை ஒன்பது மணிக்கு, பிறந்து ஒரு நாளே ஆன கிடாரியின், அதாவது பெண் கன்றின், பதிவு அட்டையில், அதைத் தொட்டும் பாராமல், 'மலடு' என்று எழுதிவிட்டார் கால்நடை உதவியாளர். அவர்மீதான புகார் இதுதான்.

ஏன் என்று கேட்டாள் பண்ணைக்காரி.

"காளைக்கன்னோட ரெட்டையா பொறந்த கிடாரி சினை பிடிக்காதும்மா. வயித்துக்குள்ளயே ரெண்டுக்கும் ரத்தம் கலந்துடும். இதை வளர்க்கறது தண்டம்."

"பத்துல ஒண்ணு தப்பும்னு சொல்றாங்களே?"

"அந்த ஒண்ணு உங்க வீட்லதான் பொறக்கணுமா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

கணவர் அன்றே இறைச்சி வியாபாரிக்குச் சொல்லி அனுப்பினார். ஏப்ரல் பத்தாம் நாள் வண்டி வரும் என்று முடிவாயிற்று.

கன்று மலடல்ல என்று நம்ப அவளிடம் வலுவான காரணம் இருந்தது. மாடு ஈன்றதும் நஞ்சுக்கொடியை வாளியில் வாரிப்போடுமுன் தரையில் விரித்துப் பார்ப்பது அவள் வழக்கம். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் மாட்டுக்கு ஆபத்து. அன்று விரித்தபோது இரண்டு கொடிகள் இருந்தன. ஒன்றோடொன்று ஒட்டவேயில்லை. ஒட்டாத கொடிகளில் இரத்தம் எவ்வழியே கலக்கும்? ஆனால், வழக்கம்போல் அவற்றைக் கையோடு புதைத்தும் விட்டாள். அவள் செய்த பிழை அது ஒன்றே. மறுநாள் தோண்டிக் காட்டலாமென்று மண்வெட்டியோடு போனால், குழி காலி.

"சாட்சியை நாய் தின்னுடுச்சு அண்ணி. கேஸ் தள்ளுபடி!" என்றான் கொழுந்தன். அதன்பின் தினமும் அதையே சொல்லிச் சிரித்தான்.

"நீ வாயை மூடிட்டு வண்டியை எடுக்கறியா, இல்ல நானே ஓட்டணுமா?" என்று ஏப்ரல் ஒன்பதாம் நாள் அவள் போட்ட அதட்டலில், கன்று கால்நடை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது.

மருத்துவரம்மா கதையை முழுவதும் கேட்டார். முனை மழுங்கிய கண்ணாடிக் குழாயொன்றில் எண்ணெய் தடவினார். "மலடா இருந்தா விரல் நீளத்துலயே நின்னுடும்" என்றவாறு கன்றின் பிறப்புவழியில் மெல்லச் செலுத்தினார். பண்ணைக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குழாய் விரல் நீளத்தைத் தாண்டியது. இரண்டு மடங்கும் போயிற்று.

"வழி சரியா இருக்கும்மா. நூத்துக்கு நூறுன்னு சொல்லமாட்டேன். ஆனா விக்காதீங்க."

வியாபாரியின் வண்டி மறுநாள் வெறுமனே திரும்பியது. கணவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கிடாரி வளர்ந்தது, பருவத்துக்கு வந்தது, முதல் கருவூட்டல் ஊசியிலேயே சினை பிடித்தது. அப்போதும் உதவியாளர், "எதுக்கும் பொறுத்துப் பாருங்க" என்றார்.

பொறுத்தார்கள். கிடாரி பிறந்து இரண்டரை ஆண்டு கழித்து, அக்டோபர் மாதத்தில் ஒரு நண்பகலில், அது ஈன்றது. ஒரு கன்று விழுந்தது. துடைத்து நிமிர்வதற்குள் இன்னொன்று! வால்களைத் தூக்கிப் பார்த்த கணவர் கூரை அதிரக் கத்தினார்:

"ரெண்டும் கிடாரிடீ! ரெண்டும்!"

அவள் வைக்கோற்போரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

மாலையில் உதவியாளர் வந்தார்.

"ரெண்டு அட்டை எடுங்க சார். மலடுக்குப் பொறந்த ரெட்டைன்னு எழுதுங்க" என்றாள்.

"அண்ணி, எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்" என்றான் கொழுந்தன்.

அவர் முழங்காலிட்டு, கன்றுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

வாசகரே, உம் தொழுவத்திலும் இரட்டை பிறக்கலாம். நஞ்சுக்கொடியை நீரே விரித்துப் பாரும். கன்றைத் தொடாமல் தீர்ப்பெழுத எவர் வந்தாலும் ஒப்பாதீர். முதலில் சோதிக்கச் சொல்லும்!