சிங்குக்கு அடியில் இருந்த கதவு

கீலோடு கழற்றிக் கொண்டுவந்த அலமாரிக் கதவு கண்காட்சிக் கூடத்தின் சுவரில் தொங்கியது. முதன்முறையாகப் படம் வைக்கும் பெண்களின் வரிசையில் பதினேழாவது. பக்கத்தில் அச்சடித்த அவள் பெயர். அதைப் பார்த்து மகிழக்கூட முடியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் வரப்போகிறார்.

சிங்குக்கு அடியில் இருக்கும் அலமாரியை அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் திறப்பதில்லை. ஃபினாயிலையும் பழைய துணியையும் பார்க்க யார் குனியப்போகிறார்கள்? அந்தத் தைரியத்தில், குக்கரின் ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவே, தரையில் உட்கார்ந்து கதவின் உள்பக்கத்தில் இரண்டு வருஷமாக வரைந்தாள். பூ, பறவை என்று எதையாவது வரைந்து தொலைத்திருக்கலாம். மாமியாரை வரைந்தாள். நீரிழிவுக்காக மகன் ஒளித்துவைக்கும் சர்க்கரை டப்பாவை மத்தியானம் வீடு அடங்கியதும் தேடியெடுத்து, முதுகைக் காட்டி நின்று, ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்ளும் மாமியாரை. அதைப் பார்த்ததாக அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இப்போது ஊரே பார்க்கும்படி சுவரில் மாட்டியாயிற்று. கைபேசியில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, கண்காட்சி நடத்துகிற அம்மாள் இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றபோது ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வீட்டில் கதவு தச்சரிடம் போயிருப்பதாகச் சொல்லியிருந்தாள். அழைப்பிதழைப் பார்த்த கணவனோ, "அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன்" என்று சந்தோஷமாகக் கிளம்பிவிட்டான்.

அவன் வண்டியை நிறுத்தப் போயிருக்க, மாமியார் மட்டும் உள்ளே வந்தார். வேறெந்தப் படத்தையும் பார்க்காமல் நேரே பதினேழின் முன்னால் வந்து நின்றார்.

"அத்தை, தப்புதான். உங்களக் கேக்காம..."

"படத்துல என் கை முன்னாடி நல்லா இருந்துச்சு," என்றார் மாமியார். "போன மாசம் எதுக்கு அழிச்சிட்டுத் திரும்பப் போட்ட?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"தினமும் குனிஞ்சு பாத்துப் பாத்து இடுப்பே போச்சு. இங்கதான் நின்னு பாக்க முடியுது."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் வாசல் பக்கமிருந்து கணவனின் குரல்: "யாரும்மா அது, படத்துல?"

மாமியார் திரும்பவில்லை. ஓரடி முன்னால் போய், கதவை மறைத்தாற்போல் மகனுக்கு முதுகைக் காட்டி நின்றார். படத்தில் இருந்தது போலவே தளர்ந்த அதே கொண்டை, சற்றே தூக்கிய அதே வலது தோள். அவன் சிரித்துக்கொண்டே நெருங்கி வந்துகொண்டிருந்தான்.