மீதி அக்காவுக்குத் தெரியும்

அந்தப் பெரிய மென்பொருள் நிறுவனத்தின் இன்டர்வியூவுக்கு முதலில் போனவள் அக்கா. குறுந்தாடி வைத்த மேனேஜர் ஒருவர் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவளைக் குடைந்தார்.

"ஆன்லைன் கடையில தள்ளுபடி விற்பனை தொடங்கினதும் எல்லாரும் ஒண்ணா உள்ள வர்றாங்க. சர்வர் படுத்துடுது. என்ன பண்ணுவீங்க?"

விலைப்பட்டியலை நகல் எடுத்துப் பல இடங்களில் வைத்தால் கூட்டம் பிரிந்துவிடும் என்று அக்கா விலாவாரியாகச் சொன்னாள். அவர் தலை நிமிராமல் தட்டச்சு செய்தபடி "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள், தகுதி போதவில்லை என்று மெயில் வந்தது. அக்கா தங்கையிடம் மட்டும் கேள்வி பதிலை ஒரு வரி விடாமல் சொல்லிப் புலம்பினாள்.

அடுத்த வாரம் தங்கையின் முறை. அதே கண்ணாடி அறை, அதே குறுந்தாடி. மனிதர் சரியாகத் தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது, கண்ணெல்லாம் சிவப்பு.

"விலைப்பட்டியலை நகல் எடுத்துப் பல இடத்துல வச்சாச்சு. அப்பவும் சர்வர் படுத்துடுது. என்ன பண்ணுவீங்க?"

'வச்சாச்சு'தான் தங்கைக்குச் சுருக்கென்று தைத்தது. ஆக, இது இன்டர்வியூவே இல்லை! மனிதர் தன் வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். வருகிறவர்களின் வாயைக் கிளறி ஓசியில் காரியத்தை முடிக்கப் பார்க்கிறார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே குறும்பும் வந்தது.

"தப்பு நகல்ல இல்ல சார். அதைப் புதுப்பிக்கிற விதத்துல இருக்கணும்."

அவர் விரல்கள் பறந்தன. "அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"பாதியில விட்டா எப்படிங்க?"

"மீதி எங்க அக்காவுக்குத் தெரியும். போன வாரம் வந்தாங்களே? தகுதி போதலைன்னு சொல்லிட்டு, அவங்க சொன்னதை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டீங்களே, அவங்கதான்."

குறுந்தாடி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"மேலிடத்துக்குத் தெரிஞ்சா என் வேலைக்கே உலை வச்சுடுவாங்க."

"நான் ஏன் சார் சொல்லப் போறேன்? எத்தனை இடம் காலி?"

"ரெண்டு."

"பாருங்க, எவ்வளவு பொருத்தமா இருக்கு!"

அக்காவுக்குப் புது மெயில் வந்தது. அவளுடைய திறமையை மறுபடி பரிசீலித்தார்களாம். வீடே சந்தோஷத்தில் குதித்தது. தங்கை மட்டும் வாயைத் திறக்கவில்லை. இருவரும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் லிஃப்டில் போகும்போதுதான் மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, உள்ள போனதும் நீ மீதியைச் சொல்லணும்."

"எந்த மீதி?"

"அது எனக்கும் தெரியாதுக்கா."

நடந்ததைக் கேட்டு முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. "அடிப்பாவி!" என்று அக்கா பல்லைக் கடித்தாள். எதிரே குறுந்தாடி இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், "முதல்ல எல்லாத்தையும் பார்க்கணும் சார்," என்று உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் திரையைத் தட்டிக் காட்டினாள்.

"எல்லா நகலும் விற்பனை தொடங்குற அதே நிமிஷத்துல புது விலை கேட்டு சர்வர்கிட்ட ஓடுது. வாசல்ல இருந்த நெரிசலை நீங்க கொல்லைப்பக்கம் கொண்டுபோயிருக்கீங்க. முன்கூட்டியே, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற நேரம் குடுங்க."

அன்று சாயங்காலம் விற்பனை தொடங்கியபோது சர்வர் விழவில்லை. குறுந்தாடி சந்தோஷத்தில் காபி வாங்கி வர ஓடினார். அவர் தலை மறைந்ததும் தங்கையின் முதுகில் பளாரென்று ஓர் அடி விழுந்தது.