பூட்டிய அலைவரிசை

விமானங்கள் நான்கும் மேலே போய்விட்டன. லோர்னாவின் ரேடியோ ஸ்கேனர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

ஒஹாயோ மாநிலத்தின் போலீஸ், தீயணைப்பு, ரயில் என்று அத்தனை அலைவரிசைகளையும் வகைவகையாகப் பிரித்து அந்தக் கையடக்கப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பவள் அவள். இன்றைக்கென்று பார்த்து இப்படியா! மகள் டெஸ் சாகசக் குழுவின் நாலாவது விமானியாக முதல் தடவை பறக்கிறாள். அலைவரிசையைக் கேட்டதற்கு, கழுதை, சிரித்தாள்.

"அது குழு ரகசியம்மா. ஊர் உலகத்தையே ஒட்டுக்கேக்கறே, என்னைக் கண்டுபிடிக்க மாட்டியா?"

விமானத்தள வேலியோரம் நிற்கும் ஸ்கேனர்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அலைவரிசையைக் கண்டுபிடித்தவன் அதன் எண்ணைச் சொல்லமாட்டான். கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற டுவைட் உயர்த்தியே விட்டான். லோர்னாவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"அவன்கிட்டக் கேட்டாத்தான் என்ன?" என்றான் கணவன் மெர்ல், சோளமாவில் பொரித்த குச்சி சாசேஜைக் கடித்தபடி.

"செத்தாலும் கேக்கமாட்டேன்! ஆனா எம்பொண்ணு குரலைக் கேக்காம வீட்டுக்கும் வரமாட்டேன்."

பெட்டியின் திரையில் எண்கள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன. எங்கும் நிற்கவில்லை.

"காலையில ஒண்ணைப் பூட்டினியே?" என்றான் மெர்ல்.

பூட்டுப் பொத்தானை அழுத்திவிட்டால் ஸ்கேனர் அந்த அலைவரிசையில் நிற்காமல் தாண்டித்தான் ஓடும்.

"அது ஏதோ ஜெனரேட்டர் இரைச்சல்ப்பா. தேடல் அங்கயே மாட்டிக்கிட்டு நகரமாட்டேன்னுச்சு."

"ஜெனரேட்டரா? ம்ம்ம்ம்னு ஒரே சுதியில இல்ல கேட்டுச்சு?" மெர்ல் அப்படியே முனகிக் காட்டினான்.

லோர்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதல் தடவை சைக்கிள் ஏறியபோதும் பல் பிடுங்கியபோதும் பயத்தை அடக்க டெஸ் முனகியது இதே சுதியில்தான். காலையில் மைக்கைச் சோதித்தபோதும் முனகியிருக்கிறாள்!

"அடிப்பாவி! பெத்த பொண்ணையே பூட்டி வெச்சிருக்கேனே!"

உடனே பூட்டை நீக்கினாள். பெட்டி கரகரத்தது.

"நாலு, தலைகீழா வா," என்றது குழுத் தலைவனின் குரல்.

"ம்ம்ம்ம்... நாலு, வந்துட்டேன்!"

மேலே நாலாவது விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது. லோர்னா "ஓ!" என்று கத்தி டுவைட்டின் முகத்துக்கு நேரே கட்டைவிரலை நீட்டினாள். பெட்டியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. டெஸ் தரையிறங்கும்வரை அவளும் கூடவே அதே சுதியில் முனகிக்கொண்டிருந்தாள்.