மூடி போட்ட வாளிகள்

மிர்டில் அத்தைக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்துப் பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது. வடதுருவத்தை ஒட்டிய எங்கள் கிராமத்துச் சுகாதார நிலையத்தின் ஒரே கட்டிலில் சாய்ந்திருந்தாள். இமைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

"ஹெஸ்டர், நீ ரெண்டு பேரா நிக்கிற," என்றாள் என் அம்மாவிடம். "ஒருத்தியவே என் தம்பி எப்படிச் சமாளிக்கிறானோ."

அம்மா சிரிக்கவில்லை.

நர்ஸ் கொரின் நகரத்து மருத்துவரோடு தொலைபேசியில் இருந்தாள். "பக்கவாதமா, சாப்பாட்டு விஷமான்னு கேக்குறார். விஷம்னா முறிவு மருந்தோட விமானம் அனுப்புவார். சீக்கிரம் சொல்லணும். கண்ணுக்கு அப்புறம் தொண்டை, அப்புறம் மூச்சு. நேத்து என்ன சாப்பிட்டாங்க?"

"டின் மீன்," என்றாள் அம்மா. "கடை டின்னுன்னா பக்கவாதம்னுதான் நினைப்பார்," என்றாள் கொரின்.

நேற்று அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள், மிகியாக் ருசி பார்க்க. திமிங்கில இறைச்சியும் தோலும் கொழுப்பும் அதன் இரத்தத்திலேயே ஊறிப் புளிப்பது அது. இரண்டு வாரம் அம்மா தினமும் வாளிகளைத் திறந்து, காற்றுப் படும்படி கிளறுவாள். பதம் வந்ததும் மூடி போட்டு, உறைந்த மண்ணில் ஆழமாகத் தோண்டிய பனிக்குழிக்குள் இறக்கிவிடுவாள். அங்குள்ள குளிரில் புளிப்பு அப்படியே நின்றுவிடும்; குளிர் குறைந்தால் மூடிக்குள்ளேயே விஷமாகும். பத்து வாளி. அப்பாவின் படகுக்கு வந்த திமிங்கிலத்துக்காக நாளை நடக்கும் விருந்தில் ஊரே சாப்பிடும்.

"மூக்கைக் கொஞ்சம் அதிகமாவே குத்துது," என்று சொல்லிக்கொண்டே அத்தை மூன்று துண்டு தின்றாள்.

"அம்மா, நேத்து நம்ம வீட்டுல..." என்றேன்.

"நீ சும்மா இரு. நாலு வருஷம் படிச்சுட்டு வந்தா என் சட்டியில கிருமி தேடுவியா?"

எங்கள் ஊரில் திமிங்கிலத்தைப் பிடித்தோம் என்று யாரும் சொல்வதில்லை. அது தன்னைத் தருகிறது. பனிக்குழி சுத்தமாக இருக்கும் வீட்டுக்குத்தான் தருகிறது. படகு அப்பாவுடையது என்றாலும் குழி அம்மாவுடையது. ஒவ்வொரு வசந்தத்திலும் பழைய இரத்தத்தைச் சுரண்டி எடுத்துப் புதுப் பனி பரப்புவாள். எந்தப் படகாவது திமிங்கிலம் இல்லாமல் திரும்பினால், ஊர் அந்த வீட்டுக்காரியைத்தான் பார்க்கும்.

எங்கள் தெருவில் இரண்டு வீடுகள் அந்தக் கோடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. காலங்காலமாக உறைந்து கிடந்த மண் அடியில் இளகிவிட்டது. வீடுகளைப் பற்றி எல்லோரும் வாய்விட்டுப் பேசினார்கள். குழிகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒரு மாதமாக அம்மா எங்கள் குழி ஏணியில் யாரையும் இறங்க விடவில்லை.

"கொரின்," என்றாள் அத்தை. நாக்கு தடித்து, சொற்கள் குழைந்தன. "மிகியாக்கைச் சொல்றாளா இந்தப் பொண்ணு? ஹெஸ்டரோட குழியில கீழ விழுந்த துண்டைக்கூட எடுத்துத் திம்பேன். அவ மேல பழி போடாதீங்க."

"அண்ணி, பேசாதீங்க. தண்ணி குடிங்க."

அம்மா கோப்பையைப் பிடித்தாள். அத்தை விழுங்கப் பார்த்தாள். தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. அத்தைக்கே அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. அம்மா தன் சட்டைக் கையால் அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே, நாளைய விருந்துக்குக் காற்றுத் தடுப்பாகத் தார்ப்பாய்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ அப்பாவின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

"மருத்துவர் காத்துக்கிட்டிருக்கார்," என்றாள் கொரின்.

அம்மா எழுந்து தொலைபேசியை வாங்கினாள். "டின் மீன் இல்ல. என் மிகியாக். மூணு துண்டு. மருந்தை அனுப்புங்க." என்னைப் பார்த்து, "வெளிய போய் சொல்லு, விருந்து இல்லைன்னு," என்றாள்.

நான் வாசல் வரை போய் நின்றேன். அம்மா கட்டிலருகே குனிந்தாள். அத்தை ஒரு விரலால் தன் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"திமிங்கிலம் வந்த மறுவாரத்துலேருந்தே, அண்ணி," என்றாள் அம்மா. "குழியில முழங்கால் வரைக்கும் தண்ணி."