முதல் நோன்பும் பாடாங் வெயிலும்

சிக்கந்தருக்கு ஒன்பது வயது. அன்று அவனுக்கு முதல் நோன்பு. மகன் அதை முடிக்கும் முன்பே வாப்பா முகம்மது கனி சூலியா தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார். அந்தியில் பூமாலை, புதுச் சட்டை, தெருவுக்கே கஞ்சி. ஆழம் தெரியாமல் காலை விடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவன் உம்மா ருக்கையாவும் நோன்புதான். ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அரிசியைக் களைந்தாள், பாதியில் விட்டாள். ஜன்னலுக்குப் போனாள், திரும்பினாள். வெயிலுக்குப் பயந்து தெருவில் நாய்கூட நடமாடவில்லை. வெள்ளைக்கார அரசாங்கத்தின் எம்பயர் டே விழா வருகிறதென்று பள்ளிக்கூடத்துப் பையன்களைப் பாடாங் திடலில் நிறுத்தி டிரில் பழக்குகிறார்களாம். சிக்கந்தரும் அங்கேதான். போய்ப் பிள்ளையை அழைத்து வரும்படி கணவரின் கடைக்கு ஆள் அனுப்பினாள். "ஆம்பளப் பிள்ள, தாங்குவான் லா" என்று பதில் வந்தது.

பகலில் ஆண் துணையில்லாமல் அவள் வாசல் தாண்டியதே இல்லை. ஊர் வாய்க்குப் பயந்து உட்கார்ந்திருந்தால் பிள்ளை என்ன ஆவான்? வெள்ளைத் துப்பட்டியை முகம் மறைய இழுத்துப் போர்த்திக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினாள்.

பாடாங்கில் பையன்கள் வரிசையாக நின்றார்கள். எல்லார் சட்டையும் வியர்வையில் ஒட்டியிருந்தது. சிக்கந்தரின் முகம் மட்டும் வறண்டு சிவந்திருந்தது, கால் தள்ளாடியது. அவள் யாரையும் கேட்கவில்லை. வரிசைக்குள் புகுந்து அவனைத் தூக்கிக்கொண்டு மரநிழலுக்கு ஓடினாள்.

டிரில் வாத்தியார் ஜெயராஜ் தண்ணீர் வாளியோடு பதறி வந்தார்.

"நோன்புப் பிள்ளைங்கள நிழல்ல உக்காரச் சொன்னேம்மா. இவன் தனக்கு நோன்பு இல்லன்னுட்டான்."

"உக்காந்தா சிரிப்பாங்க" என்று முனகினான் சிக்கந்தர்.

சட்டையைக் கழற்றி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றினார்கள். குவளையை வாயருகே கொண்டுபோனதும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"முடியாதவங்களுக்கு விலக்கு உண்டு தங்கம். இன்னொரு நாளைக்குப் பிடிச்சுக்கலாம்" என்று கெஞ்சினாள் ருக்கையா.

"வாப்பா எல்லார்ட்டயும் சொல்லிட்டாங்க."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெருவைக் கூட்டி அழைத்தவர்மேல் மட்டுமல்ல, காலையில் அதைக் கேட்டுப் பூரித்துப்போன தன்மேலும்தான். அத்தனை ஆண்கள் பார்க்க, முகத்திரையை விலக்கினாள். குவளைத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். மறுபடி மொண்டு அவனிடம் நீட்டினாள்.

சிக்கந்தர் திகைத்துப் பார்த்தான். "உம்மா, உங்க நோன்பு?"

"போச்சு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து அப்புறம் பிடிச்சுக்கலாம். குடி."

"வாப்பாட்ட என்ன சொல்றது?"

"உம்மாவுக்குத்தான் தாகம் தாங்கல, துணைக்கு நானும் குடிச்சேன்னு சொல்லு."

அவன் வாயைத் திறந்தான்.