முதலில் குத்தும் பழம்

தக்காளி பழுக்கலாம், குழைந்துபோகக் கூடாது. அந்த ஆய்வுக்கூடத்தில் அக்காவுக்கு இருந்த ஒரே பிடிவாதம் இதுதான். எல்லாருக்கும் அவள் அக்காதான், அவளைவிட மூத்த இயக்குநர் உட்பட.

பழம் பழுக்கும்போது அதன் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசையை ஒரு நொதி கரைத்துவிடுகிறது. அந்த நொதியைச் செய்யச் சொல்லி உத்தரவு போடும் மரபணுவின் வாயை அக்கா அடைத்துவைத்திருந்தாள். அப்படி உண்டாக்கிய செடிக்குக் கல்லுளிமங்கன் என்று பேர். கை வைக்காத சாதாரணச் செடி தொட்டாச்சிணுங்கி. பேர் வைத்தவள் ஊசி. கருவியின் முனையால் பழத்தைக் குத்தி உறுதியை அளப்பது அவள் வேலை. வாயும் அப்படியே குத்தும் என்பதால் அவளுக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

எட்டு வருஷமாகக் கல்லுளிமங்கன் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு அறுவடையிலும் தொட்டாச்சிணுங்கியைவிட அதன் எண் கூடுதலாகவே வந்தது. பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கியதுபோல அக்கா பூரித்துப்போவாள். விதை நிறுவனத்து ஆட்கள் இருவர் நேரில் பார்த்துத் தலையாட்டிவிட்டால் அக்காவின் பிரிவு பிழைத்துக்கொள்ளும். இல்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்கள்.

வந்தவர்கள் இங்கிதம் தெரிந்தவர்கள்தான். ஒருவர் கேட்டார்: "முதல்ல சாதாரணப் பழத்தைக் காட்டுங்களேன். அப்பதானே வித்தியாசம் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஊசி குளிர் அறையிலிருந்து இரண்டு தட்டுகளையும் எடுத்துவந்து மேசையில் வைத்தாள். தொட்டாச்சிணுங்கியைக் குத்தினாள். எண்ணைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. அடுத்த பழமும் கல்லாட்டம் நின்றது. தட்டு முழுக்க முடித்துக் கல்லுளிமங்கனுக்கு முறை வந்தபோது ஜன்னல் வெயில் மேசைக்கு வந்திருந்தது. முனை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

"தட்டு மாறிப்போச்சா?" என்றார் இயக்குநர்.

"மாறலை சார்," என்றாள் ஊசி.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமும் செல்லப்பிள்ளையைத்தான் முதலில் குத்தினார்கள். யாரும் போட்ட விதி அல்ல, ஆசைதான். அந்த எண்ணைப் பார்க்காமல் அவளுக்கும் ஊசிக்கும் தேநீர் இறங்காது. குளிர் விடாத பழம் விறைப்பாகத்தானே இருக்கும்? தொட்டாச்சிணுங்கியின் முறை வருவதற்குள் அது மேசையிலேயே கிடந்து தளர்ந்திருக்கும். அதைப் போய் எழுதிவைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள், படித்த முட்டாள்கள்.

இயக்குநருக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. அவள் காதருகே குனிந்தார். "அக்கா, உள்ள இன்னும் பழம் இருக்கில்ல? எப்பவும்போல நம்மளோடதை முதல்ல குத்திக் காட்டுங்க. அவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

அக்காவுக்குச் சபலம் தட்டத்தான் செய்தது. ஊசியைப் பார்த்தாள். இந்த வேலையை விட்டால் அவளுக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

"திரும்பக் குத்திப் பிரயோஜனம் இல்லீங்க," என்று வந்தவர்களிடமே சொல்லிவிட்டாள் அக்கா. "ரெண்டும் ஒண்ணுதான். இவ்வளவு நாளும் நாங்க அளந்த வரிசையே தப்பு. பழம் குழையறதுக்கு ஒரே ஒரு மரபணு காரணம் இல்ல. ஒண்ணோட வாயை அடைச்சா மத்ததுங்க சேர்ந்து வேலையை முடிச்சிடுது போல."

அவர்கள் நன்றி சொல்லிக் கிளம்பினார்கள். இயக்குநர் பின்னாலேயே போனார், திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப எட்டு வருஷமா நாம எதைத்தான்க்கா அளந்தோம்?"

"குளிரை."

ஊசி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

மரபணுவில் கை வைத்த செடி வெளியே போகக் கூடாது. பிரிவை மூடச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது; இனி விதை முதற்கொண்டு நீராவியில் அவித்துத்தான் கொட்ட வேண்டும். அந்த வேலையை அக்கா யாரிடமும் விடவில்லை. பழங்களைப் பறித்துத் தனித்தனிப் பைகளில் கட்டினாள். எது எந்தச் செடியுடையது என்று பைமேல் எழுதப் பேனாவைத் திறந்தவள், எதற்கு என்று தோன்றவே, எழுதாமல் மூடினாள். அப்போதுதான் அழுகை வந்தது.