பத்து விரலும் விழ வேண்டும்

நாடு விட்டு நாடு போவதென்றால் எல்லோரும் விமானத்தைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கண்ணாடிக் கூண்டு என்பேன். மலேசியாவில் மூன்று வருஷம், ஓமனில் ஐந்து, சவூதியில் எட்டு. மூன்று நாட்டிலும் நான் பார்த்தது கட்டடத்துக்குக் கம்பி கட்டிய இடம், படுத்த இடம், அப்புறம் விமான நிலையத்தில் அந்தக் கூண்டு. உள்ளே இருப்பவன் மூஞ்சியைப் பார்க்கமாட்டான். விரலை வை என்பான். ரேகை விழுந்தால் நீ நீதான். விழாவிட்டால் ஓரமாய் நில்.

இந்தத் தடவை விழாதது என் பெண்டாட்டி மணிமேகலையின் விரல்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். ஒரே கூரைக்குக் கீழே இருந்ததைச் சேர்த்தால் நாலு வருஷம் தேறாது. மகள் பிரியதர்ஷினி காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு மேகலை ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்க இருக்கற எடத்த நான் ஒருக்கா பாக்கணுங்க. போன்ல காட்டறது வேணாம். நேர்ல."

இப்போது நான் சவூதியில் ஃபோர்மேன். தனி ரூம் உண்டு. மூன்று மாச விசிட் விசாவுக்கு எழுதிப் போட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டேன். சென்னையில் விசா ஆபீஸுக்குப் போய் அவள் பத்து விரலையும் பதிக்க வேண்டியதுதான் பாக்கி. என் லீவில் இருபத்தைந்து நாள் இருந்தது. இதை விட்டால் அடுத்த லீவு ரெண்டு வருஷம் கழித்துத்தான்.

மேகலை கம்பைநல்லூரில் புளி தட்டுகிறவள். மாசி பிறந்தால் மண்டிக்காரர் வெங்கடாசலம் மூட்டை மூட்டையாய் வூட்டு வாசலில் இறக்கிவிடுவார். சுத்தியால் ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்துத் தர வேண்டும். புளிப்பு விரலைத் தின்னும். நகக்கண் கறுத்துப்போகும். ஆபீஸில் நாலு பேர் பார்ப்பார்களே என்று, சென்னைக்குக் கிளம்பும் முன்னால் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் போட்டு அந்தக் கறையைத் தேய்த்து எடுத்திருக்கிறாள்.

"பாருங்க, டீச்சர் கையாட்டம் இருக்குது" என்று ரயிலில் நீட்டினாள். நல்லாத்தான் இருக்குது என்றேன். பதினாறு வருஷம் கூண்டு கூண்டாய்ப் பார்த்தவனுக்கு உறைக்கவில்லை.

மெஷினில் ஒரு விரல்கூட விழவில்லை. அங்கிருந்த பெண் தன்மையாகத்தான் சொன்னாள். "தோல் தேஞ்சுபோச்சும்மா. பத்து நாளாவது கைக்கு ரெஸ்ட் குடுங்க. எண்ணெய் தடவுங்க. அப்புறம் வாங்க."

ரெஸ்ட்! வாசலில் பதினோரு மூட்டை கிடந்தது. பத்து நாளில் மண்டி வண்டி வரும். தட்டாமல் திருப்பி அனுப்பினால் அடுத்த வருஷம் அவள் வாசலில் புளி இறங்காது. இங்கே வழக்கம் அப்படி.

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கும்போதுதான் மேகலை வாயைத் திறந்தாள். "மூட்டைய முடிச்சுக் குடுத்துடறேன். அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாங்க."

"நான் தட்டறேன்" என்றேன்.

"நீங்களா?" என்று அந்த நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள்.

முதல் அடியே என் கட்டைவிரலில் விழுந்தது. எதிர்வூட்டுத் தீர்த்தம்மாள் அக்காவும் புளி தட்டுகிறவர்தான். தெருவுக்கே கேட்கச் சொன்னார்: "சவூதியில மாடி மாடியா கட்டனவரு, கொட்டைய எடுங்கன்னா பழத்த எடுத்து வீசறாரு பாரு!"

"நாலு நாள் போவட்டுங்க்கா. பழகிரும்."

"நாலு நாள்ல புளி போயிரும் தம்பி. கொட்டைதான் மண்டிக்குப் போவும்."

மேகலை பாடு என்னைவிட மோசம். கையில் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு சும்மா உட்காருவது அவளுக்கு ஜெயில். பாத்திரம் கழுவுவதும் நான்தான். மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், மடியில் புளியை வைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"மேகலை!"

"ஒரே ஒரு கைப்பிடிங்க. சும்மா பாத்துக்கிட்டு இருக்க முடியல." புளியைக் கீழே வைத்தாள். "நாளெல்லாம் கம்பி கட்டிட்டு வந்து, தனியா சோறாக்கி, இத்தன வருசம் எப்படிங்க இருந்தீங்க?"

"உங்கிட்ட நல்லாயிருக்கறன்னு சொன்னேன்."

"நானும் அதத்தானே சொன்னேன்" என்றாள்.

நான் வெளிநாட்டில் பாடுபடுகிறேன், அவள் வூட்டில் இருக்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆறாம் நாள் சோற்றில் கை வைத்தால் உப்பு எரித்தது. அப்புறம் அந்த நினைப்பு வரவில்லை.

வண்டி வருகிற அன்று காலையில்தான் கடைசி மூட்டை முடிந்தது. வெங்கடாசலம் ஒரு கை அள்ளிப் பார்த்தார். "நார் நிக்குதே. மேகலை கை இல்லயே இது?"

"என் கைங்க."

"அதான பாத்தேன்" என்று ஏற்றிக்கொண்டு போனார்.

மறுபடி சென்னை. அதே பெண், அதே மெஷின். ஒன்பது விரலுக்குப் பச்சை எரிந்தது. வலது ஆள்காட்டி விரலுக்கு மட்டும் சிவப்பு. மூன்று தடவை வைத்தும் சிவப்பு. அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

மேகலை விரலைத் தலைவகிட்டில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். எங்கள் ஊர் ரேஷன் கடையில் விரல் விழாவிட்டால் எல்லோரும் செய்வது அதுதான். தலையெண்ணெய் பட்டால் ரேகை எடுக்கும். ஏசி போட்ட ஆபீஸ், சுற்றிலும் டை கட்டின ஆட்கள். எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. "இங்க வேணாம்" என்று சொல்வதற்குள் விரலை வைத்துவிட்டாள்.

பச்சை.

"இது எந்த ஊரு வைத்தியம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எங்கூரு ரேஷன் கடைதாங்க."

லீவு முடிந்த அன்று ரெண்டு பேரும் ரியாத்தில் இறங்கினோம். அவள் வரிசை வேறு, என் வரிசை வேறு. அவள் விரல் வைத்தாள், தாண்டிவிட்டாள். நான் வைத்தேன். சிவப்பு. சட்டையில் துடைத்து வைத்தேன். சிவப்பு. பத்து நாள் புளி என் விரலையும் தின்றிருந்தது. கூண்டுக்காரன் தலையைத் தூக்கி என் மூஞ்சியைப் பார்த்தான். ஓரமாய்ப் போகச் சொல்லிக் கையைத் தூக்கினான்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். வரிசையே திரும்பிப் பார்த்தது.

"ஏங்க! தலையில தேய்ங்க!"

எனக்கு முன்மண்டை வழுக்கை. பின்னால் மிச்சமிருந்த முடியில் விரலை நன்றாகத் தேய்த்து வைத்தேன். விழுந்தது.

பதினாறு வருஷத்தில் கூண்டுக்கு அந்தப் பக்கம் எனக்காக ஆள் நின்றது அன்றைக்குத்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னமோ தினமும் வந்து போகிறவள் மாதிரி கேட்டாள்.

"வூடு எந்தப் பக்கங்க?"